கணக்குக் காட்டாத தள்ளுபடி

ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளி விற்பனைக்கும் அந்தக் கூட்டத்தில் போய் நசுங்கத்தான் வேண்டுமா என்ற கேள்வி வருஷத்துக்கு இருமுறை எழுகிறது. நம்மிடம் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. ஒன்று குடும்பஸ்தர் பதில்: மிச்சமாகும் பணத்திலிருந்து போக்குவரத்துச் செலவையும் அலைச்சலையும் கழித்துப் பார், மீதி நின்றால் போ. மற்றது அறிவுஜீவி பதில்: இது மந்தைத்தனம், ரசனை கெட்டவர்களின் திருவிழா, போகாதே. இரண்டும் சோம்பேறித்தனமான பதில்கள் என்பது என் கட்சி. முதலாவது பாதிக் கணக்கைப் போட்டுவிட்டு எழுந்துவிடுகிறது. இரண்டாவது கணக்குப் போடவே மறுக்கிறது.

இரண்டாவதை முதலில் முடித்துவிடலாம். ரங்கநாதன் தெருவில் தோள் இடித்து நகர்கிறவனைப் பார்த்து முகம் சுளிக்கும் நம் நண்பர்கள், 1977ல் தொடங்கிய சென்னைப் புத்தகக் கண்காட்சியில் 10 சதவீதக் கழிவுக்காக அதே மாதிரி தோள் இடித்து நகர்கிறார்கள். அதற்கு வாசிப்புக் கலாசாரம் என்று பெயர். சட்டை வாங்க வந்தவன் மந்தை, கவிதைத் தொகுப்பு வாங்க வந்தவன் வாசகன். இதை விமர்சனம் என்று ஏற்க முடியாது. வெறும் வர்க்கத் திமிர்.

கூட்டம் ஏன் ஒரே வாரத்தில் சேர்கிறது என்று இவர்கள் யோசிப்பதில்லை. 1965ஆம் ஆண்டின் போனஸ் சட்டம் குறைந்தபட்ச போனஸாகக் கடைசியில் நிலைநிறுத்திய விகிதம் 8.33 சதவீதம், அதாவது ஆண்டுச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. தொழிலாளி போராடி வாங்கிய அந்தப் பதின்மூன்றாம் மாதச் சம்பளம் நம் ஊரில் தீபாவளிக்கு முன்னால் கைக்கு வருவது வழக்கமாயிற்று. வருஷத்தில் ஒரு தடவை மொத்தமாகப் பணம் பார்க்கிறவன் வேறு எந்த நாளில் கடைக்குப் போவான்? மாதாமாதம் மிச்சம் பிடிக்க முடிந்தவனுக்குத்தான் கூட்டமில்லாத நாளாகப் பார்த்துப் போகும் சௌகரியம் உண்டு. அந்தச் சௌகரியத்தை ரசனை என்று சொல்லிக்கொள்வது மோசடி.

போனஸே இல்லாதவர்களின் கதை வேறு. உத்திரமேரூர் ஏரிப் பாசன ஊர். சம்பாவை நம்பியிருப்பவனுக்கு ஆடி என்பது செலவு தொடங்கும் மாதம்: உழவு, விதை, நடவுக் கூலி, உரம். ஐப்பசியில் பயிர் வயலில் நிற்கும், கை காலியாக இருக்கும். பணம் வருவது தையில், அறுவடைக்குப் பிறகு. பொங்கல் இவனுடைய பண்டிகை என்பதற்கு மதக் காரணத்தைவிட இந்த வரவு செலவுக் காரணம் வலுவானது. ஆடித் தள்ளுபடியோ கடைக்காரரின் பஞ்சாங்கத்திலிருந்து வந்தது. ஆடியில் கல்யாணம் இல்லை. ஜவுளிக்கடையில் ஈ ஓட்டும் மாதம். தேங்கின சரக்கைக் காசாக்க வியாபாரி ஓர் உபாயம் கண்டுபிடித்தார். வியாபார நியாயப்படி அதில் தவறில்லை. ஆனால் அவருடைய மந்த மாதம், விதைக்க வேண்டியவனுக்கு வாங்க வேண்டிய மாதமாக மாறியிருக்கிறது. இந்த மாற்றம்தான் என் விஷயம்.

நான் இந்த ஊரில் ஒரு வங்கிக் கிளையில் குமாஸ்தா. ஐப்பசியில் நகைக் கடனுக்கு வந்து நிற்கிறவர்களில் சிலர் உரத்துக்கு என்று சொல்வதில்லை; துணி எடுக்க என்கிறார்கள். குடும்பஸ்தர் கணக்கை இவர்களுக்காகவே போட்டுப் பார்ப்போம். 10,000 ரூபாய்க்கு நகையை வைக்கிறார்கள். வட்டி வருஷத்துக்கு 9 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், தையில் மீட்கும்போது மூன்று மாதத்துக்கு 225 ரூபாய். பஸ்ஸில் செங்கல்பட்டு, அங்கிருந்து மின்சார ரயிலில் மாம்பலம். நாலு பேருக்குப் போக வரச் செலவும் சாப்பாடும் 800 ரூபாய் என்று வையுங்கள். 20 சதவீதம் தள்ளுபடி என்றால் 10,000 ரூபாய்ச் சரக்கில் 2,000 மிச்சம். எல்லாம் போக 975 ரூபாய் கையில் நிற்கிறது. போகலாம் என்பதுதான் விடை.

குடும்பஸ்தர் கணக்கின் ஆபத்தே இதுதான்: அது பெரும்பாலும் சரியாகவே வரும். 20 சதவீதம் எந்த விலையிலிருந்து குறைந்தது, அந்த 2,000 ரூபாயை யார் கொடுத்தார்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கும் அதில் இடம் கிடையாது.

கணக்கைப் பற்றிப் பேச எங்கள் ஊருக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு. வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919லும் 921லும் பொறித்தவை, இருக்கின்றன. குடவோலை, குடவோலை என்று மேடைதோறும் மார்தட்டுகிறார்கள். அது நிலம் வைத்திருந்த பிராமணர்களின் சபை; அதை இன்றைய ஜனநாயகத்துக்குத் தாய் என்பது அபத்தம். ஆனால் அதில் ஒரு விதி கவனிக்கத் தக்கது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினர்களும் மறுபடி குடவோலைக்குத் தகுதியில்லாதவர்கள். பொதுவில் கூட்டம் கூட்டிக் காரியம் நடத்துகிறவன் பொதுவில் கணக்குக் காட்ட வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான்.

கணக்குள்ள தள்ளுபடியும் நம்மிடையே இருக்கிறது. 1935ல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸில் தீபாவளிக்குக் கைத்தறித் துணிக்கு 30 சதவீதம் தள்ளுபடி. கைத்தறிக்கு அரசு தரும் தள்ளுபடி மானியம் வரவு செலவுத் திட்டத்தில் அச்சாகிற தொகை. யார் பணம், யாருக்காக என்று யாரும் படித்துப் பார்க்கலாம், சண்டை போடலாம். தியாகராய நகரின் பெரிய கடைகளில் தொங்கும் பலகையிலோ ஒரு சதவீதம் மட்டும் இருக்கிறது. அது எந்த விலையிலிருந்து கழிகிறது என்பதற்கு அந்த அட்டையைத் தவிர வேறு சாட்சி இல்லை.

அந்த 2,000 ரூபாயில் ஒரு பங்கைக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவர்கள் கால்களால் கொடுக்கிறார்கள். வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ 2010ல் வந்தது. பார்த்தோம், கண் கலங்கினோம், அடுத்த தீபாவளிக்கு அதே தெருவுக்குப் போனோம். கடை ஊழியர் உட்கார ஓர் இருக்கை வேண்டும் என்று 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்க்கத் தமிழ்நாட்டுக்கு 2021 வரை ஆயிற்று. எழுபத்து நாலு வருஷம். சட்டம் ஸ்டூலைக் கொண்டு வந்து போடலாம். ஐம்பது பேர் ஒரே நேரத்தில் ‘அந்த நீலத்தை எடுங்க’ என்று கை நீட்டும்போது அதில் உட்காருவது யார்? வாங்குகிறவனுக்கு நெரிசல் ஒரு நாள் தொந்தரவு. விற்கிறவளுக்கு அது வேலை நிலைமை. ‘கூட்டம் பெறுமா’ என்று கேட்கிறவர் தன் முழங்காலை மட்டும் எண்ணிக்கொள்கிறார்.

மீதிச் செலவில் ஒரு பங்கு நம் எல்லார் தலையிலும். மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து தியாகராய நகர் பஸ் நிலையத்துக்கு 2023ல் திறந்த ஆகாய நடைபாதை சுமார் 570 மீட்டர், செலவு 28 கோடி ரூபாய்க்கு மேல். ஜனங்களுக்கு அது தேவைதான். ஆனால் அந்தக் கூட்டத்தால் லாபம் அடைகிறவர்கள் அதில் எத்தனை காசு போட்டார்கள் என்று கேட்பது அநாகரிகமல்ல.

தெருவே வேண்டாம், வீட்டிலிருந்தபடி போனில் வாங்குகிறேன் என்பவர்கள் தப்பித்ததாக எண்ண வேண்டாம். 2014 அக்டோபர் 6 அன்று ஃப்ளிப்கார்ட் நடத்திய முதல் பெருவிற்பனையில் நெரிசல் தாங்காமல் தளமே தடுமாறி, அதன் நிறுவனர்கள் வாடிக்கையாளர்களிடம் மன்னிப்புக் கேட்டார்கள். ரங்கநாதன் தெருவில் உங்களை இடிக்கிறவனின் முகமாவது தெரிகிறது. இங்கே பொட்டலம் கொண்டு வருகிற பையன் படி ஏறின மூச்சு வாங்கல்கூட நமக்குக் கேட்பதில்லை. 2023ல் மத்திய அரசு இணைய வணிகத்துக்கு வகுத்த நெறிகளில் ‘பொய்யான அவசரம்’ ஏமாற்று உத்திகளில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. ‘இன்றே கடைசி’ என்று தெருவில் ஒலிபெருக்கி அலறுவதை மட்டும் பண்டிகைக் களை என்கிறோம்.

போகாதே என்று நான் சொல்லவில்லை. எங்கள் பக்கத்துப் பெண்கள் பலருக்கு அந்த ஒரு நாள்தான் வயலையும் அடுப்பையும் விட்டு நகரம் பார்க்கும் நாள். நாற்பது புடவையைப் பிரிக்கச் சொல்லி ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில் ஓர் அதிகாரம் இருக்கிறது. வருஷத்தின் மற்ற நாட்களில் அவர்களுக்கு வாய்க்காத அதிகாரம். அதைக் கேலி செய்ய எனக்கு யோக்கியதை இல்லை.

ஆனால் கேட்டுவிட்டு வாங்கலாம். போன மாதம் இது என்ன விலை? நீ காலையிலிருந்து எத்தனை மணி நேரமாக நிற்கிறாய்? ஸ்டூல் எங்கே? இந்த மூன்று கேள்விகளை ஆயிரம் பேர் ஒரே நாளில் கேட்டால், கடைக்காரர் பதில் தயாரித்து வைத்தாக வேண்டும். கூட்டத்துக்கு அந்தப் பலம் உண்டு. அதை இதுவரை பில் போடும் வரிசையில் மட்டுமே செலவழித்து வந்திருக்கிறோம்.