போலீஸ், ரோபோ, பட்ஜெட்

'சம்பளத்தில் பிடித்தம் போக மாதம் ஒரு அனிமே தட்டுதான் சார் வாங்க முடியும். எதை வாங்கலாம்?' என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. கேட்கப்பட்டவன் பி.காம். என்பதால் கதைக்கு முன்னால் கொஞ்சம் கணக்கு.

1983 டிசம்பரில் ஜப்பானின் பண்டாய் கம்பெனி, 'டலோஸ்' என்ற கார்ட்டூனை டி.வி.க்கும் கொடுக்காமல் தியேட்டருக்கும் அனுப்பாமல் நேரே வீடியோ காஸெட்டாகக் கடையில் வைத்தது. நிலாவில் சுரங்கத் தொழிலாளர்கள் கலகம் செய்யும் கதை. படம் சுமார் ரகம். ஆனால் ஓ.வி.ஏ. என்கிற புது வியாபாரம் அங்கேதான் ஆரம்பம். டி.வி. என்றால் ஸ்பான்ஸருக்குப் பொம்மை விற்றாக வேண்டும். காஸெட்டில் பார்ப்பவனே முதலாளி, டைரக்டர் இஷ்டத்துக்கு விளையாடலாம். என்ன, அரைமணிப் படத்துக்கு யானை விலை!

அந்த டலோஸை இயக்கியவர்களில் ஒருவரான மமோரு ஓஷி, 1988-ல் 'பேட்லேபர்' எடுத்தார். காஸெட் விலை 4,800 யென். அந்த நாள் ஓ.வி.ஏ. விலையில் கிட்டத்தட்ட பாதி. விலையைக் குறைத்தால் விற்பனை கூடும் என்று முதல் வருஷம் பாடம் படித்தோமே, அதேதான். விற்றது. டி.வி. தொடர், சினிமா என்று குட்டி போட்டது.

கதை இதுதான். கட்டட வேலைக்கு 'லேபர்' என்று ராட்சச ரோபோக்கள் வந்துவிட்டன. அவற்றை வைத்துத் திருடுகிறவர்களும் வந்துவிட்டார்கள். பிடிக்க டோக்கியோ போலீஸில் தனிப் பிரிவு. 'ஆஹா, ரோபோ சண்டை!' என்று நாற்காலி நுனிக்கு வருகிறீர்களா? முதல் எபிசோடில் புது ரோபோ வந்து சேரவே மாட்டேன் என்கிறது. ஏற்றி வந்த லாரி ட்ராஃபிக்கில் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

எனக்கு அங்கேயே பிடித்துவிட்டது. இந்தப் பிரிவின் ஆபீஸ் கடலை நிரப்பிய பொட்டல் காட்டில் இருக்கிறது. பக்கத்தில் கடை கண்ணி கிடையாது. ஒருவர் பெண்டாட்டிக்குப் பயந்தவர். ஒருவருக்கு எதைப் பார்த்தாலும் சுட வேண்டும். ஆறடிக்கு மேல் வளர்ந்த ஒருவர் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். நோவா என்ற பெண் தன் ரோபோவுக்கு 'அல்ஃபோன்ஸ்' என்று பேர் வைத்துத் துடைத்துத் துடைத்து வைக்கிறாள். மேலதிகாரி கோட்டோ பாதி மூடிய கண்ணும் சிகரெட்டுமாகத் திரிவார். தூங்குகிறார் என்றே நினைப்போம். நாலு நகர்த்தல் முன்னால் யோசித்து வைத்திருப்பார். இப்படி ஒரு மேனேஜர் கிடைத்தால் ஞாயிற்றுக்கிழமைகூட ஆபீஸ் போகலாம்.

1989-ல் வந்த முதல் சினிமா இன்னும் ஒரு படி மேல். ஊரில் இருக்கிற லேபர்கள் எல்லாவற்றிலும் புது ஆபரேட்டிங் சிஸ்டம் போடுகிறார்கள். எழுதிய ஆசாமி வேலையை முடித்துவிட்டு, சிரித்துக்கொண்டே கடலில் குதித்துச் சாகிறான். பிறகு ரோபோக்கள் தானாக வெறி பிடித்து ஓடுகின்றன. 1989! நம்மில் பலர் கம்ப்யூட்டரைக் கண்ணாலேயே பார்க்காத வருஷம். நடுவில் இரண்டு துப்பறிவாளர்கள் செத்தவன் குடியிருந்த வீடுகளைத் தேடி, இடிபடப்போகும் பழைய டோக்கியோ சந்துகளில் வியர்க்க வியர்க்க நடக்கிறார்கள். வசனமே அதிகமில்லை. வில்லன் ஏன் இப்படிச் செய்தான் என்று அந்த நடையிலேயே புரிந்துவிடுகிறது. ரோபோ சண்டையை மறந்தாலும் இது மறக்காது.

ப்ளூ-ரேயில் இவை வந்திருக்கின்றன. கையால் வரைந்து ஃபிலிமில் எடுத்த காலம் என்பதால் படத்தில் மணல் தூவியது போல் பொடி தெரியும். அது ஃபிலிமின் சுபாவம். டி.வி. செட்டிங்கில் போய் அதை வழித்துத் துடைத்துவிடாதீர்கள், நோவாவின் முகம் மெழுகாகிவிடும். இன்னொன்று: ஜப்பான், அமெரிக்கத் தட்டுகள் ப்ளூ-ரேயில் 'ஏ' மண்டலம், இந்தியா 'சி'. உங்கள் ப்ளேயர் ஏற்குமா என்று பார்த்துவிட்டுப் பர்ஸைத் திறக்கவும்.

'தட்டு எதற்கு, ஆன்லைனில் பார்த்துக்கொள்ளலாமே' என்பவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவின் ஃபனிமேஷன் கம்பெனி, தட்டோடு ஒரு கோடு எண் கொடுத்து, டிஜிட்டல் பிரதியும் உங்களுக்கே என்று விற்றுக்கொண்டிருந்தது. 2024 ஏப்ரல் 2-ம் தேதி அந்த ஆப்பையே மூடினார்கள். சந்தாதாரர்களை க்ரஞ்சிரோலுக்கு மாற்றினார்கள். டிஜிட்டல் பிரதிகளை மாற்றவில்லை. காசு கொடுத்து வாங்கிய படம் போயே போச்சு. தட்டைத் தூக்கிப் போடாதவன் மட்டும் பிழைத்தான். கணக்குப் பாஷையில், சொத்து என்று எழுதி வைத்திருந்தது வாடகையாக இருந்திருக்கிறது.

'கன்பஸ்டர்' எப்படி என்றும் கேட்டிருக்கிறார். அதுவும் 1988, ஆறே பாகம், ஹிடேயாகி அன்னோவின் முதல் டைரக்‌ஷன். முதல் பாகம் பெண்கள் பள்ளிக்கூடக் கும்மாளம், பொறுத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பாகம் கறுப்பு வெள்ளை. தட்டில் கோளாறு என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

ஆகவே வாசகரே, இந்த மாதம் பேட்லேபர் ஓ.வி.ஏ., போனஸ் வந்தால் 1989 சினிமா. ஓ.வி.ஏ.வின் 5, 6-ம் பாகங்கள் ஒரே கதை, டோக்கியோவில் ராணுவக் கலகம். ராத்திரி பதினொன்றுக்கு மேல் போடாதீர்கள். பாதியில் நிறுத்த மனசு வராது, காலையில் எட்டுப் பத்து வண்டி போய்விடும்.