வெட்டிய குழிக்குள் என்ன இருக்கிறது?

கோலார் தங்கவயலைப் பற்றி எழுதப் புகுவோர் பொன்னைப் பற்றி எழுதுகிறார்கள். அல்லது வடார்க்காட்டிலிருந்து அங்குச் சென்ற தமிழ்த் தொழிலாளரின் துயரைப் பற்றி. இரண்டும் வேண்டியவையே. பொன்னை எடுத்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்ற கேள்வியை மட்டும் பொறியாளர்களிடம் விட்டுவிட்டோம்.

மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம். வெட்டிய வெற்றிடம் தாங்கியிருந்த சுமை அதனைச் சூழ்ந்த பாறைமீது ஏறுகிறது. தாங்க இயலாதபோது பாறை வெடிக்கிறது. அதனால்தான் அங்கே வெற்றிடங்களில் கருங்கல் அடுக்கினார்கள். பிற்காலத்தில் கான்கிரீட் வந்தது. நிரப்பியது மலையையே தாங்கி நிற்கும் என்று எண்ணிவிடக் கூடாது. இருபுறப் பாறைகளும் ஒன்றையொன்று நெருங்குவதை அது மட்டுப்படுத்தும், அவ்வளவே. கீழே நிற்பவனுக்கு அது சிறிய உதவியன்று.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. நீரிறைப்பு நின்றபின் குழிகளில் நீர் ஏறிற்று. மேலே, பொன் நீக்கிய மணல் சயனைடு மேடுகளாக நிற்கிறது. என் மாணவியொருத்தியின் பாட்டி சாம்பியன் ரீஃபில் இருக்கிறார்; காற்று எழுந்தால் சன்னலைச் சாத்திவிட்டுத்தான் சோறு வடிப்பாராம்.

2024 ஜூனில் 13 மேடுகளில் மீண்டும் பொன்னெடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை இசைந்தது. ஏறத்தாழ 3.3 கோடி டன் மணல். அதில் பொன் மிகச் சிறிது. எஞ்சுவது மறுபடியும் மேடாகத்தான் குவியவேண்டுமா? குழிக்குள் போகட்டும் என்பது என் கட்சி.

ஆனால் 'குழியும் இருக்கிறது, மணலும் இருக்கிறது, கொட்டிவிடலாம்' என்னும் பேச்சு எனக்கு அச்சமூட்டுகிறது. நீரில் கரைத்து அனுப்பும் மணலிலிருந்து நீர் வடிந்தாக வேண்டும். வடியாவிட்டால் அழுத்தம் முழுவதும் தடுப்புச் சுவர்மேல் விழும். மேற்கு ஆஸ்திரேலியாவின் பிரான்ஸ்விங் சுரங்கத்தில் 2000-இல் அத்தகைய சுவர் உடைந்து மூவர் மாண்டனர். கோலாரிலோ குழியே நீருக்குள் கிடக்கிறது. நஞ்சு கலந்த மணலை அதிலிட்டால் ஊரார் கிணற்றுக்கு என்ன ஆகும்? மணலைச் சோதித்து நஞ்சகற்றி, சிமெண்டுடன் குழைத்து, தண்ணீரைத் தொடர்ந்து சோதித்தபடிதான் நிரப்பவேண்டும். செலவு மிகும், மறுக்கவில்லை.

அச்செலவு யாருடையது என்பதை மேடுகளைக் கையளிக்கும் ஒப்பந்தத்திலேயே எழுதவேண்டும். பொன்னை எடுத்துச் சென்ற பிறகு கேட்டால் பதில் சொல்ல ஆளிருக்காது. அந்த ஊர் ஒருமுறை இதைக் கண்டிருக்கிறது.