14-ஆம் நாள் என்னும் பிரமை

கல்யாணமாகி ஓராண்டு நிறைவதற்குள் "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று உற்றாரும் ஊராரும் விசாரிக்கத் தொடங்கிவிடும் நம் சமூகத்தில், குழந்தையை விரும்பும் பெண்ணுக்குக் கிடைக்கும் உபதேசங்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றுள் விஞ்ஞானத்தின் வேஷத்தோடு வந்து, அதனாலேயே எவராலும் சந்தேகிக்கப்படாமல் நிலைத்துவிட்டது, மாதவிடாய் தொடங்கியதிலிருந்து 14-ஆம் நாளில் கருமுட்டை வெளிப்படும் என்ற கணக்கு. 28 நாள் சுழற்சி உடையவளுக்கு இது ஏறக்குறையப் பொருந்தக்கூடும். 21 அல்லது 23 நாளுக்கொருமுறை விலக்காகும் பெண்ணுக்கோ இது பயனற்றது மாத்திரமன்று, மாதங்களை வீணாக்குவதும் ஆகும் என்பது என் அபிப்பிராயம்.

ஜப்பானில் நீகாட்டா நகரத்து மருத்துவராயிருந்த ஒகினோ க்யூசாக்கு 1924-இல் வெளியிட்ட ஆராய்ச்சியின் சாரம், கருமுட்டை வெளிப்படும் காலத்தை முன்னிருந்து அல்ல, பின்னிருந்து எண்ணவேண்டும் என்பதே. அடுத்த மாதவிடாய்க்கு 12 முதல் 16 நாட்களுக்கு முன்பு அது நிகழ்கிறது என்று அவர் கண்டார். (கருத்தடைக்கு இக்கணக்கை நம்புவதை அவரே விரும்பவில்லை, ஆயினும் உலகம் அவர் பெயரை அந்த உபயோகத்துக்கே ஒட்டிவைத்தது.) சுழற்சியின் பிற்பகுதி ஓரளவு ஸ்திரமானது, நீள்வதும் குறுகுவதும் பெரும்பாலும் முற்பகுதியே. ஆகவே 21 நாள் சுழற்சியில் 7-ஆம் நாளை ஒட்டியும், 23 நாள் சுழற்சியில் 9-ஆம் நாளை ஒட்டியும் முட்டை வெளிப்படலாம். முட்டையின் ஆயுளோ ஒரு நாளுக்கு மேற்படாது. விந்தணுவோ ஐந்து நாள் வரை காத்திருக்க வல்லது. எனவே கரு உண்டாகத்தக்க நாட்கள், முட்டை வெளிப்படும் நாளும் அதற்கு முந்திய ஐந்துமே என்பதை அமெரிக்க ஆராய்ச்சியாளர் வில்காக்ஸும் அவருடைய சகாக்களும் 1995-இல் நிறுவினார்கள். அதே குழு 2000-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், இந்த ஆறு நாட்களும் முற்றிலும் 10-ஆம் நாளுக்கும் 17-ஆம் நாளுக்கும் இடையே அமைந்தது சுமார் 30 சதவீதப் பெண்களுக்கே. குறுகிய சுழற்சி உடையவள் 14-ஆம் நாளுக்காகக் காத்திருப்பாளாயின், முட்டை அழிந்து சில நாட்கள் கழிந்த பிறகே அவள் நம்பிக்கை கொள்ளத் தொடங்குகிறாள்.

நம் வீடுகளில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. மனுஸ்மிருதி ருதுகாலத்தைப் பதினாறு இரவுகளாக வகுத்து, வேறு சிலவற்றோடு முதல் நான்கையும் தம்பதிகள் கூடலாகாதென விலக்கியது. அவ்வாசாரம் தேய்ந்தும் மாறியும் இன்று சில குடும்பங்களில் ஐந்து நாள், ஏழு நாள் என்றுகூட நீண்டிருக்கிறது. ஆசாரத்தைப் பழிப்பது என் நோக்கமன்று. 28 நாள்காரிக்கு அதனால் யாதொரு நஷ்டமும் இல்லை. ஆனால் 21 நாள்காரிக்கு உதிரப்போக்கின் கடைசி நாட்களும் கருத்தரிக்கத்தக்க நாட்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடப்பதால், ஏழு நாள் விலகியிருந்தால் அம்மாதமே கைநழுவிவிடலாம். போக்கு மட்டுப்பட்டதுமே தொடங்கி, 12-ஆம் நாள் வரையில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தம்பதிகள் கூடியிருப்பார்களானால், நுட்பமான கணக்கு எதுவுமே அவசியமில்லை.

கணக்கு வேண்டுவோர், மருந்துக்கடையில் கிடைக்கும் சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டைகளை 5-ஆம் நாளிலிருந்தே பார்க்கத் தொடங்க வேண்டும், எல்.எச். என்னும் ஹார்மோன் திடீரென உயர்வதை அவை காட்டினால், ஏறக்குறைய ஒன்று ஒன்றரை நாளில் முட்டை வெளிப்படும். கோழிமுட்டையின் வெண்கருவைப் போல் தெளிவாய் இழுபடும் கசிவும் நல்ல அறிகுறியே. காலை உடல் வெப்பமோ நிகழ்ச்சி முடிந்த பின்னரே உயர்வதாகையால், அது வருங்காலத்தைச் சொல்லாது.

சுழற்சி 21 நாளுக்கும் குறைந்தாலோ, முட்டை வெளிப்பட்டுப் பத்து நாட்களுக்குள்ளாகவே உதிரம் கண்டாலோ, வயது 35-ஐக் கடந்து ஆறு மாதம் முயன்றும் பலனில்லை என்றாலோ, தாமதமின்றி மருத்துவரிடம் செல்வது உசிதம். தைராய்டு கோளாறும், சினைப்பையில் முட்டைகளின் இருப்புக் குறைவதும் சுழற்சி குறுகுவதற்குக் காரணமாகலாம். செல்லும்போது, மாதவிடாய் தொடங்கிய தேதிகளைக் குறித்த காகிதத்தோடு, கணவனுடைய விந்துப் பரிசோதனைச் சீட்டும் உடன் போகட்டும். எளிதும் செலவு குறைந்ததுமான அப்பரிசோதனையை, மனைவிக்கு எல்லா ஸ்கேனும் எடுத்து முடிந்த பிறகே நினைத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே இன்னும் ஒழியவில்லை.