கல்லறையிலும் ஜாதியா?

கிறிஸ்தவ மதத்தில் ஜாதி உண்டா, இல்லையா? இந்தக் கேள்விக்குச் சபைத் தலைவர்கள் ஊருக்கு ஒரு பதிலும் டெல்லிக்கு ஒரு பதிலுமாக வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் எங்கள் மதத்தில் ஜாதியே கிடையாது என்கிறார்கள். சர்க்காருக்குக் கொடுக்கும் மகஜரில் எங்களுக்குள்ளும் ஜாதிக் கொடுமை இருக்கிறது, எங்கள் ஏழைகளுக்கும் சலுகை வேண்டும் என்கிறார்கள். இரண்டில் மகஜரில் இருப்பதுதான் உண்மை என்பது நமது அபிப்பிராயம்.

சலுகை கேட்பது தப்பு என்று நாம் சொல்லவில்லை. 1950-இல் பிறந்த ஜனாதிபதி உத்தரவு, இந்து மதத்தை விட்டவன் தாழ்த்தப்பட்டவன் அல்ல என்று சொல்லிவிட்டது. 1956-இல் சீக்கியருக்கும், 1990-இல் பௌத்தருக்கும் கதவைத் திறந்தார்கள். கிறிஸ்தவருக்கும் முஸ்லீமுக்கும் மாத்திரம் திறக்கவில்லை. 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா கமிஷன், இந்த மத நிபந்தனையை எடுத்துவிட வேண்டுமென்று சிபார்சு செய்தது. 2023-இல் தமிழ்நாடு சட்டசபையும் தீர்மானம் போட்டது. ஞானஸ்நானம் பெற்றதனால் சேரிக்காரனின் குடிசை மாளிகையாகி விட்டதா? அவன் வீட்டில் மேல்ஜாதிக்காரன் தண்ணீர் குடிக்கிறானா? இல்லையென்றால் சலுகையைப் பிடுங்க என்ன நியாயம் என்று கேட்கின்றோம்.

ஆனால், சர்க்காரை நோக்கிக் கை நீட்டுகிறவர்களை நோக்கி நாமும் ஒரு கேள்வி கேட்காமல் இருக்க முடியாது. உங்கள் சொந்த வீட்டில் நீங்கள் செய்தது என்ன? சர்க்கார் உத்தரவு டெல்லியில் இருக்கிறது. கல்லறைத் தோட்டத்துச் சாவி யாரிடம் இருக்கிறது? செத்தவனைப் புதைக்க ஒரு ஜாதிக்கு ஒரு பக்கம், மற்றொரு ஜாதிக்கு வேறு பக்கம் என்று பிரித்தது எந்தப் பார்லிமெண்டு? திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் நடுவே நின்ற சுவரை எதிர்த்துப் பல காலம் கிளர்ச்சி நடந்தது. மண்ணுக்குள் போன பிறகும் ஒருவனுக்கு ஒருவன் தீட்டென்றால், மோட்சத்திலும் இரண்டு வாசல் கட்டியிருக்கிறார்களா?

2008 மார்ச்சில் விழுப்புரம் ஜில்லா எறையூரில் நடந்ததை மறந்துவிட முடியாது. அங்கே அடிபட்டவர்களும் கிறிஸ்தவர்கள், அடித்தவர்களும் கிறிஸ்தவர்கள். ஒரே கோவிலில் மரியாதையில்லாததால் தாழ்த்தப்பட்டவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். அதற்கு மறுமொழியாக வீடுகள் தாக்கப்பட்டன. கடைசியில் போலீஸ் சுட்டதில் இருவர் மாண்டனர். இரு தரப்பாரும் ஒரே பைபிளைத்தான் படிக்கிறார்கள். அதைப் படித்தும் புத்தி வராததற்கு யார் ஜவாப்தாரி?

இவையெல்லாம் ஜனங்களுடைய வழக்கம், மதத்தின் குற்றமல்ல, மெள்ள மெள்ளத்தான் மாறும் என்று பாதிரிமார் சமாதானம் சொல்லுகிறார்கள். இது வெறும் சாக்கு. 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபையில் ஜாதியை உடனே விட்டொழிக்க வேண்டுமென்று கடிதம் எழுதினார். மெள்ள என்பதற்கு ஏறக்குறைய இருநூறு வருஷம் போதாதா? திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டிய கோவிலே ஜாதிக்கொரு பக்கமாக இரண்டு கிளையாக அமைந்திருந்தது. 1910-இல் அங்கிருந்த பாதிரியார் நடுத் தடுப்பை எடுத்துப் போட்டார். மேல்ஜாதியார் கோர்ட்டுக்குப் போனார்கள், தோற்றார்கள். வானம் இடிந்து விழவில்லை. மனமிருந்தால் ஒரே நாளில் முடிகிற காரியம் என்பதற்கு இதைவிட என்ன ருஜு வேண்டும்?

அவர்கள் வேதத்திலேயே ஒரு கதை உண்டு. அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டும் காணாமல் ஒதுங்கிப் போனவர்கள் ஆசாரியனும் லேவியனும். தூக்கியெடுத்துக் கட்டுப் போட்டவன், யூதர்கள் ஈனமாக நினைத்த சமாரியன். இந்தக் கதையை வருஷா வருஷம் பிரசங்கிக்கிறவர்கள், தாங்கள் இப்போது எந்த வேஷத்தில் நிற்கிறார்கள் என்று யோசிக்க வேண்டாமா?

பாதிரிமார் ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் சொல்லமாட்டோம். தெருவிலே நடக்கக் கூடாதென்று தடுக்கப்பட்டவன் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். 1890-களில் செங்கல்பட்டு ஜில்லாவில் பண்ணையாட்களின் கஷ்டத்தை வெளியிட்டு அவர்களுக்காக வாதாடினார்கள். அதை நாம் மறக்கவில்லை. அதனால்தான், எழுத்தைக் கொடுத்த கை சுவரை ஏன் இடிக்கவில்லை என்று கேட்க உரிமை இருக்கிறது.

இந்துத் தோழர்கள் இதைப் படித்துச் சிரிக்க வேண்டாம். அந்தச் சுவருக்குக் கல் போனது உங்கள் வீட்டிலிருந்துதான். மதம் மாறியவன் சாமியை விட்டான், ஜாதியை விடாமல் மூட்டை கட்டிக்கொண்டு போனான். இரண்டு வீட்டிலும் அழிய வேண்டியது அந்த மூட்டைதான்.

ஆகவே, கிறிஸ்தவ வாலிபர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். டெல்லிக்கு மகஜர் அனுப்புங்கள், நாமும் சேர்ந்து கேட்கின்றோம். அதற்கு முன் உங்கள் ஊர்க் கல்லறைக்குப் போய்ப் பாருங்கள். சுவர் இருந்தால் பாதிரியாரிடம் காரணம் கேளுங்கள். அவர் பரலோகத்தைக் காட்டினால், நாங்கள் இந்த ஆறடி மண்ணைப் பற்றித்தான் கேட்கிறோம் என்று சொல்லுங்கள். மண்ணிலே சமத்துவம் கொடுக்காதவன் விண்ணிலே கொடுப்பான் என்று நம்புவது மானமுள்ளவன் செய்கிற காரியமல்ல.