ஆள் பற்றாக்குறையாம், வேலை மட்டும் இல்லையாம்!

அக்டோபர் 10 வந்தாலே எனக்கு வயிறு எரியும். உலக மனநல நாள். அன்றைக்கு டி.வி.யைப் போட்டாலும் பேப்பரைப் பிரித்தாலும் ஒரே பாட்டுதான்: நாட்டில் மனநல நிபுணர்களுக்குக் கடும் பற்றாக்குறை. 2015-16ல் பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பைத் தூக்கிப் போடுவார்கள். நோயைப் பொறுத்து, பாதிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சை கிடைக்காமல் இருக்கிறார்கள் என்பார்கள். அதில் பொய் இல்லை. ஆனால் அதைக் கேட்டுவிட்டு அம்மா என் பக்கம் திரும்புவாள். "இவ்ளோ பேர் வேணுங்கிறான், உன்னை மட்டும் ஏண்டி ஒருத்தனும் கூப்பிட மாட்டேங்கிறான்?"

நான் எம்.எஸ்சி. அப்ளைடு சைக்காலஜி, முதல் வகுப்பு. ஃப்ராய்டிலிருந்து புள்ளியியல் வரை எல்லாம் படித்தாயிற்று. அம்மாவின் கேள்விக்குப் பதில் மட்டும் எந்த செமஸ்டரிலும் வரவில்லை.

மூன்று வருடம் பி.எஸ்சி., இரண்டு வருடம் எம்.எஸ்சி. முடித்தபிறகுதான் சொல்கிறார்கள், இத்தனையும் வாசல்வரை வருவதற்குத்தானாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆவதற்கு என்னுடையதைப் போன்ற முதுநிலைப் பட்டம் மட்டும் போதாது. அதற்குமேல் நேரடிப் பயிற்சியோடு இரண்டு வருட முழுநேர எம்.ஃபில். வேண்டும், அதற்கு ஆர்.சி.ஐ. என்கிற இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் அங்கீகாரம் வேண்டும். விதியை நான் குறை சொல்லவில்லை. உடைந்துபோய் வந்து உட்காருகிறவரிடம் அரைகுறையாகப் படித்தவர் வாய் திறக்கவே கூடாது. ஆனால் அந்தப் பயிற்சிக்கு இடம் எங்கே? ஒரு வழிகாட்டிக்கு இத்தனை மாணவர்தான் என்று கட்டுப்பாடு இருப்பதால் ஒவ்வொரு நிறுவனத்திலும் விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் சீட். நிம்ஹான்ஸ் நுழைவுத் தேர்வுக்கு நாடே வந்து உட்காருகிறது. தனியாரிடம் போனால் கட்டணம் லட்சத்தில்தான் பேசும். இந்தப் பக்கம் பி.எஸ்சி. சைக்காலஜியோ தடுக்கி விழுந்த இடத்துக் கல்லூரியில் எல்லாம் இருக்கிறது. ஊரையே பந்திக்கு அழைத்துவிட்டுப் பத்து இலை போட்ட கதைதான்.

அந்தப் பத்து இலையாவது நிலையாக இருக்கிறதா? 2022ல் யு.ஜி.சி. என்கிற பல்கலைக்கழக மானியக் குழு எம்.ஃபில். பட்டத்தையே எடுத்துவிட்டது. அப்புறம் கிளினிக்கல் சைக்காலஜிக்கும் சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க்குக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டுவரை நீட்டிப்புக் கொடுத்தது. நடுவே நான்கு வருட கிளினிக்கல் சைக்காலஜி இளநிலை என்று புதிதாக ஒன்று வந்தது. 2025ல், சைக்காலஜியைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் இனி நடத்தக் கூடாது என்று உத்தரவு. தரம் உயரட்டும், நல்லதுதான். ஆனால் பாதி வழியில் நிற்கிறவர்களிடம் ஒருவராவது, "நீங்கள் இந்தப் பக்கமாகப் போங்கள்" என்று கைகாட்ட வேண்டாமா? வேலை பார்த்துக்கொண்டே கரஸ்ஸில் படித்த என் தோழியிடம் இன்டர்வியூவில் முதல் கேள்வியே "ரெகுலரா, கரஸ்ஸா?" என்பதுதான். அதோடு இன்டர்வியூவும் முடிந்துவிடுகிறது.

அரசு வேலையா? மாவட்ட மனநலத் திட்டம் 1996லிருந்து இருக்கிறது. ஒரு மாவட்டக் குழுவுக்கு ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்பது அமைப்பு. தமிழ்நாட்டில் 38 மாவட்டங்கள். மீதிக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, பள்ளிக்கூடக் கவுன்சிலராகப் போகலாம் என்று கிளம்பினேன். ஒரு தனியார் பள்ளி. கரஸ்பாண்டென்ட் என் சான்றிதழ்களைப் புரட்டவே இல்லை. "இங்கிலீஷ் கிளாஸ் எடுப்பீங்களா மேடம்?" என்றார். டீச்சர் லீவ் போட்டால் அந்த வகுப்பு எனக்கு. ஆண்டு விழாவுக்கு காம்பியரிங்கும் எனக்கு. மீதி நேரத்தில் கவுன்சலிங். அறையைக் காட்டச் சொன்னேன். பி.டி. சாமான்கள் வைக்கிற அறை. மூலையில் காற்றுப் போன வாலிபால்களும் கேரம் போர்டும் கிடந்தன, நடுவில் ஒரு மேஜை. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பையன் எட்டிப் பார்த்து, "இங்கதான் சார் நிக்கச் சொன்னாரு" என்றான். ஹோம்வொர்க் எழுதாததற்குத் தண்டனையாம். இனி எந்தப் பிள்ளை தன் கஷ்டத்தைச் சொல்ல அந்த அறைக்குத் தானாக வரும்?

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிலையங்களில் தகுதியுள்ள ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருவராவது இருக்க வேண்டும் என்று வழிகாட்டுதல் கொடுத்தது. படித்துவிட்டு எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம் அந்தப் பள்ளி ஞாபகத்துக்கு வந்தது. காகிதத்தில் அங்கேயும் கவுன்சிலர் இருப்பார். இங்கிலீஷ் டீச்சர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கமா போட்டால் வேலை முடிந்தது.

என் செட்டில் பாதிப் பேர் எச்.ஆர்.தான். நாள் முழுக்க போன் போட்டு, "நோட்டீஸ் பீரியட் எவ்வளவு, எக்ஸ்பெக்டட் சி.டி.சி. எவ்வளவு?" என்று கேட்பதற்கு எதற்கு நரம்பு மண்டலத்தை மனப்பாடம் பண்ணினோம் என்று தெரியவில்லை. இன்னும் சிலர் இன்டர்ன்ஷிப் என்ற பெயரில், சம்பளம் வாங்குவதற்குப் பதிலாகத் தாங்களே பணம் கட்டிவிட்டு, வரவேற்பறையில் டோக்கன் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கடைசியில் ஒரு சான்றிதழ் கிடைக்கும். அடுத்த இடத்தில், "அனுபவம் இருக்கா?" என்பார்கள். சான்றிதழைக் காட்டினால், "இது இன்டர்ன்ஷிப்தானே?" என்பார்கள்.

இத்தனைக்கும் நடுவே, வார இறுதியில் ஒரு ஆன்லைன் கோர்ஸ் முடித்தவர் போர்டு மாட்டி, ரீல்ஸ் போட்டு, ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டிருக்கிறார். முறையாகப் படித்த நாங்கள்தான் "பேசலாமா, கூடாதா, சட்டம் என்ன சொல்கிறது?" என்று பயந்து வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறோம்.

சொந்தக்காரர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கல்யாண வீட்டில் ஒரு சித்தப்பா, "பைத்தியத்துக்குத்தானே படிக்கிறே?" என்றார். அதே சித்தப்பா சாப்பிட்டு முடித்ததும் ஓரமாகக் கூப்பிட்டு, ராத்திரியில் தூக்கமே வருவதில்லை, மாத்திரை ஏதாவது எழுதிக்கொடு என்றார். மாத்திரை எழுதுகிறவர் சைக்கியாட்ரிஸ்ட் சித்தப்பா, நான் அவர் இல்லை என்றேன். "அப்புறம் எதுக்கு அஞ்சு வருஷம் படிச்சே?" என்று போய்விட்டார். நாலு தடவை உட்கார்ந்து பேசினாலே அவருடைய தூக்கத்துக்கு ஏதாவது வழி பிறந்திருக்கலாம். பேசுவதற்கு யாராவது காசு கொடுப்பார்களா என்ன!

நான் ஒன்றும் ஆகாயத்தைக் கேட்கவில்லை. சைக்காலஜி சீட்டுக்குப் பணம் கட்டும்போதே, இந்தப் பட்டத்தை வைத்து என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று கல்லூரி ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கட்டும். இளநிலையில் இடத்தைக் கூட்டுகிற வேகத்தில் பாதியாவது பயிற்சி இடங்களைக் கூட்டுவதில் காட்டட்டும். பள்ளியில் கவுன்சிலர் என்றால் அவருக்கென்று சம்பளமும், தாழ்ப்பாள் உள்ள ஓர் அறையும் கொடுக்கட்டும். இது மூன்றும் நடக்காதவரை, அக்டோபர் 10 அன்று மேடையேறி 'பற்றாக்குறை' என்று பேசுகிறவர்கள் தயவுசெய்து எங்கள் தெருப் பக்கம் மைக் கட்டாதீர்கள். அம்மாவுக்குக் கேட்டுவிடும்.