இணைய ஆயுதச் சந்தை: எவருடைய பாதுகாப்பு?

உணவு, உடை, புத்தகம், மருந்து என அனைத்தையும் வீட்டிலிருந்தவாறே வாங்கிக்கொள்ளும் காலமிது. மேற்கு நாடுகள் சிலவற்றில் துப்பாக்கியும் இந்தப் பட்டியலில் இடம்பிடித்துப் பல ஆண்டுகளாகிவிட்டன. இணையத்தினூடாகத் துப்பாக்கியை ஏமாறாமல் வாங்குவது எவ்வாறு என அங்குள்ளோர் ஒருவருக்கொருவர் ஆலோசனை வழங்கிக் கொள்கின்றனர். வாங்குபவரின் பணத்துக்குப் பாதுகாப்புத் தேடும் இந்தக் கேள்விக்குள், அந்தத் துப்பாக்கியின் முன்னால் நிற்கப்போகும் மனிதருக்கு என்ன பாதுகாப்பு என்ற மற்றொரு கேள்வியும் மறைந்திருக்கின்றது. இவ்விரண்டையும் சேர்த்தே நோக்க வேண்டியுள்ளது.

நேரில் காணாமல் துப்பாக்கி விற்பது இணையம் தோற்றுவித்த புதிய வழக்கமன்று. 1963ஆம் ஆண்டு அமெரிக்க ஜனாதிபதி கென்னடியைக் கொல்வதற்குப் பயன்படுத்தப்பட்ட துப்பாக்கி, சிக்காகோவிலுள்ள கடையொன்றிலிருந்து போலிப் பெயரில் தபால் மூலம் தருவிக்கப்பட்டதாகும். அதன் பின்னரும் ஐந்து ஆண்டுகள் கடந்து, மார்ட்டின் லூதர் கிங், ரொபர்ட் கென்னடி ஆகியோரும் கொல்லப்பட்ட பிறகே, 1968இல் தபால் மூலத் துப்பாக்கி விற்பனையைக் கட்டுப்படுத்தும் சட்டம் அங்கு நிறைவேறியது.

அந்தச் சட்டம் வகுத்த ஒழுங்கு இன்றைய இணைய விற்பனைக்கும் பொருந்துகின்றது. அமெரிக்காவில் ஒருவர் இணையக் கடையொன்றில் துப்பாக்கிக்குப் பணம் செலுத்தினாலும் அது அவரது வீட்டு வாசலுக்கு வருவதில்லை. அவரது பகுதியில் உள்ள, அனுமதிப்பத்திரம் பெற்ற வியாபாரி ஒருவருக்கே அனுப்பப்படுகின்றது. வாங்குபவர் அங்கு நேரில் சென்று, அடையாளத்தை நிரூபித்து, படிவம் நிரப்ப வேண்டும். குற்றப் பின்னணி உள்ளதா என்பது 1998இல் ஆரம்பிக்கப்பட்ட தேசிய முறைமையினூடாகச் சரிபார்க்கப்பட்ட பின்னரே துப்பாக்கி அவரது கைக்கு வரும்.

மோசடிக்காரர்களை இனங்காட்டுவதும் இந்த நடைமுறையேயாகும். 'அனுமதிப்பத்திரம் வேண்டாம், சோதனை வேண்டாம், நேரே வீட்டுக்கு அனுப்புகின்றோம்' என்று கூறும் விற்பனையாளர் ஒன்றில் குற்றவாளியாக இருப்பார், அல்லது ஏமாற்றுக்காரராக இருப்பார். உண்மையான கடைகளின் படங்களைத் திருடிப் போலித்தளம் அமைத்தல், நம்பமுடியாத மலிவு விலை கூறல், திரும்பப் பெற முடியாத வகையில் மறையீட்டு நாணயத்தில் பணம் கோரல், பின்னர் காப்புறுதி என்றும் சுங்கம் என்றும் மேலும் மேலும் கறத்தல் என்பன இவர்களின் வழமையான உத்திகளாகும். சட்டத்தைச் சுற்றிச் செல்ல முயன்று பணத்தை இழந்தவர் பொலிஸாரிடம் செல்லத் தயங்குவார் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

இது வெறும் ஊகமன்று. அமெரிக்க நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அமைப்பான அரசாங்கப் பொறுப்புக்கூறல் அலுவலகம் 2017இல் வெளியிட்ட அறிக்கையொன்று கவனத்திற்குரியது. அதன் அதிகாரிகள் தம்மை மறைத்துக்கொண்டு, சாதாரண இணையத்தளங்களில் தனிநபர்களிடமிருந்து துப்பாக்கி வாங்க 72 தடவைகள் முயன்றனர். ஒரு தடவையேனும் துப்பாக்கி கிடைக்கவில்லை. 56 விற்பனையாளர்கள் மறுத்துவிட்டனர். அவர்களுள் 27 பேர், வாங்க முனைபவர் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தடைசெய்யப்பட்டவர் என்பதை அறிந்ததும் பின்வாங்கியவர்களாவர். 5 தடவைகள் தளங்களே கணக்குகளை முடக்கின. எஞ்சிய 11 தடவைகளில் எதிர்கொண்டவை மோசடிகள், அல்லது மோசடி முயற்சிகள் எனக் கருதப்பட்டன. ஆயின், 'இருண்ட வலை' எனப்படும் மறைவான இணையப் பரப்பில் மேற்கொள்ளப்பட்ட 7 முயற்சிகளில் 2 வெற்றி பெற்றன. ஏஆர்-15 ரகத் துப்பாக்கியும் ஊசி ரகத் துப்பாக்கியும் அதிகாரிகளின் கைகளுக்கு வந்து சேர்ந்தன.

அந்த இருண்ட வலையின் விலை என்னவென்பதை ஜேர்மனி அறியும். 2016 ஜூலை 22ஆம் திகதி மியூனிச் நகரில் 9 பேரைச் சுட்டுக்கொன்ற இளைஞனின் கைத்துப்பாக்கி அவ்வழியிலேயே பெறப்பட்டது. கொல்லப்பட்டவர்களுள் பெரும்பாலானோர் குடியேறிய குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். துப்பாக்கியை விற்றவருக்கு 2018இல் ஏழு ஆண்டுகள் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

சட்டத்திலேயே உள்ள ஓட்டை இன்னொரு புறம். அனுமதிப்பத்திரம் பெற்ற வியாபாரிக்குரிய சோதனைக் கடப்பாடு, தனது சொந்தத் துப்பாக்கியை அதே மாநிலத்தவருக்கு விற்கும் தனிநபருக்கு அமெரிக்க மத்திய சட்டத்தில் இல்லை. சில மாநிலங்களே அதனைக் கட்டாயமாக்கியுள்ளன. 2019 ஆகஸ்டில் டெக்சாஸ் மாநிலத்தின் ஒடெசா, மிட்லண்ட் பகுதிகளில் 7 பேரைக் கொன்றவர், 2014இல் கடையொன்றில் துப்பாக்கி வாங்க முயன்று சோதனையில் நிராகரிக்கப்பட்டவர். பின்னர் தனிநபர் ஒருவரிடமிருந்து அவர் துப்பாக்கியைப் பெற்றார். முன்வாசல் மூடப்பட்டிருந்தும் பின்வாசல் திறந்தே இருந்தது.

ஓட்டையே இல்லாத, முற்றிலும் சட்டபூர்வமான கொள்வனவு ஆபத்தற்றதா? இக்கேள்விக்கு நியூசிலாந்து தந்த பதில் மிகவும் கசப்பானது. 2019 மார்ச் 15ஆம் திகதி வெள்ளிக்கிழமை கிறைஸ்ட்சேர்ச் நகரின் அந்நூர் பள்ளிவாசலிலும் லின்வூட் இஸ்லாமிய நிலையத்திலும் ஜும்ஆத் தொழுகைக்காகக் கூடியிருந்தவர்களில் 51 பேர் கொல்லப்பட்டனர். கொலையாளியிடம் அனுமதிப்பத்திரம் இருந்தது. அவருக்குத் துப்பாக்கிகளை விற்ற கடைகளுள் ஒன்று, நான்கு துப்பாக்கிகளைப் பொலிஸாரின் சரிபார்ப்புடன் கூடிய இணையவழித் தபால் விற்பனை முறையில் விற்றதாகப் பகிரங்கமாகவே தெரிவித்தது. பணம் செலுத்தியவரும் ஏமாறவில்லை, விற்றவரும் ஏமாறவில்லை. தொழச் சென்றவர்கள் வீடு திரும்பவில்லை.

தவறு நேர்ந்த இடத்தை 2020இல் வெளியான அரச விசாரணை ஆணைக்குழுவின் அறிக்கை சுட்டிக்காட்டியது. 2017 ஆகஸ்டில் நியூசிலாந்துக்கு வந்த அந்த அவுஸ்திரேலியருக்கு நவம்பர் மாதமே துப்பாக்கி அனுமதிப்பத்திரம் கிடைத்தது. விண்ணப்பதாரரை நன்கறிந்த நெருங்கிய உறவினர் ஒருவரிடம் பொலிஸார் விசாரித்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, பெரும்பாலும் இணைய விளையாட்டுகளினூடாகவே அவரை அறிந்திருந்த நண்பர் ஒருவரின் சாட்சியம் ஏற்கப்பட்டது. அதிக ரவைகளைக் கொள்ளும் ரவைக்கூடுகளை அனுமதிப்பத்திரம் இல்லாதவரும் வாங்கக்கூடியதாக இருந்தது. சாதாரண அனுமதியின் கீழ் வாங்கிய துப்பாக்கியில் அவற்றைப் பொருத்தியதும், விசேட அனுமதி தேவைப்படும் இராணுவப் பாணி ஆயுதம் உருவாகிவிட்டது.

இத்தகைய ஆயுதங்களைக் கட்டுப்படுத்துமாறும் துப்பாக்கிகளைப் பதிவுசெய்யுமாறும் 1997ஆம் ஆண்டிலேயே ஓய்வுபெற்ற நீதிபதி தோர்ப்பின் அறிக்கை அந்நாட்டு அரசாங்கத்திடம் கூறியிருந்தது. 22 ஆண்டுகள் அசையாதிருந்த பாராளுமன்றம், படுகொலை நிகழ்ந்து ஒரு மாதம் நிறைவடைவதற்குள் பெரும்பாலான அரைத் தானியங்கித் துப்பாக்கிகளைத் தடைசெய்தது. 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் நட்டஈடு வழங்கி மீளப்பெறப்பட்டன. துப்பாக்கிப் பதிவேடு 2023 ஜூனில் ஆரம்பமாகியது. வேண்டியிருந்தபோது இத்தனை விரைவாகச் செய்ய முடிந்ததை, 51 உயிர்கள் போவதற்கு முன்னரே செய்திருக்கவும் முடிந்திருக்கும் என்பதை நாம் வேதனையுடன் நினைவுகூருகின்றோம்.

எமது நாட்டைப் பொறுத்தவரை, 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம் அனுமதிப்பத்திரமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதைக் குற்றமாக்கியுள்ளது. ஆகவே, சமூக ஊடகங்களிலோ தொலைபேசிச் செய்தியிலோ துப்பாக்கி தருவதாக வரும் எந்த அழைப்பும் மோசடி, அல்லது சிறைக்கு வழி. இதில் மூன்றாவது சாத்தியம் கிடையாது. எனினும், சட்டம் இருப்பதால் மட்டும் நாம் நிம்மதியடைய முடியாது. 2025 பெப்ரவரி 19ஆம் திகதி கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்தினுள்ளேயே, புத்தகமொன்றினுள் மறைத்துக் கொண்டுவரப்பட்ட துப்பாக்கியால் சந்தேகநபர் ஒருவர் சுட்டுக்கொல்லப்பட்டமை, ஆயுதம் எங்கெல்லாம் நுழையக்கூடும் என்பதை உணர்த்திற்று.

வழிபாட்டுத் தலங்களுக்குள்ளேயே உயிர்களைப் பறிகொடுத்த அனுபவம் தமிழ், முஸ்லிம் ஆகிய இரு சமூகங்களுக்குமே உண்டு. எனவே கிறைஸ்ட்சேர்ச் எமக்குத் தொலைதூரத்துச் செய்தியன்று. எமது உறவுகள் பலர் இன்று வாழ்வதும் துப்பாக்கி இலகுவாகக் கிடைக்கும் நாடுகளிலேயே என்பதையும் மறந்துவிடலாகாது.

இவையனைத்திலிருந்தும் தெளிவாகும் உண்மை ஒன்றுண்டு. நேரில் வந்து அடையாளம் காட்டுதல், பின்னணி விசாரணை, அறிந்தவரின் சாட்சியம் ஆகியவற்றைத் தொந்தரவாகக் கருதுவோர் பலர். ஆனால், வாங்குபவரை மோசடியிலிருந்தும் பொதுமக்களைக் கொலையிலிருந்தும் காப்பது அந்தத் தொந்தரவேயாகும். சந்தையின் வேகத்துக்காக அதனைக் குறைப்பதும், கையொப்பமிடும் அதிகாரி அதனை வெறும் சடங்காக்குவதும் ஒரே விளைவையே தரும். எமது நாட்டிலும் துப்பாக்கி அனுமதிக்குப் பரிந்துரை வழங்கும் ஒவ்வொருவரும், தமது கையொப்பத்தின் மறுபக்கத்தில் ஓர் உயிர் இருக்கின்றது என்பதை உணர்ந்து செயற்பட வேண்டும் என நாம் வலியுறுத்துகின்றோம்.