நீலியும் மோனாவும்: கதை மறைக்கும் உண்மை



அண்மையில் மரபுத்தொடர் பாடத்தில் 'நீலிக் கண்ணீர் வடித்தல்' என்பதை விளக்கிக்கொண்டிருந்தேன். போலியாக அழுதல் என்று பொருள் எழுதியாயிற்று. "நீலி என்பவர் யார், ஐயா?" என்று ஒரு மாணவி வினவினாள். பழையனூரில் பழி தீர்த்த ஒரு பேய் என்றேன். உடனே பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "மோனா ஃபெண்டி மாதிரியா, ஐயா? தூக்கில் போட்டும் அவள் சாகவில்லையாம். நம் பாலிக் புலாவ் மலைச்சாலையில்கூட இரவில் நிற்பாளாம்!"

வகுப்பே சிலிர்த்தது. "சரி, அந்த வழக்கில் கொலையுண்டவர் பெயர் என்ன?" என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த மௌனமே இப்பதிவை எழுதத் தூண்டியது.

மோனா ஃபெண்டியின் இயற்பெயர் மஸ்னா இஸ்மாயில். பாடகியாகப் புகழ் தேடினார், பெரிதாகக் கிட்டவில்லை. பின்னர் போமோ தொழிலில் இறங்கினார். பகாங் மாநிலத்தின் பத்து தாலாம் சட்டமன்ற உறுப்பினர் மஸ்லான் இட்ரிஸ், அரசியலில் மேலும் உயர விரும்பி அவரை நாடினார். முன்னாள் இந்தோனேசிய அதிபர் சுகர்னோவுடையவை எனக் கூறப்பட்ட கைத்தடியும் சொங்கோக்கும், ஒரு தாயத்தும் அவருக்கு வாக்களிக்கப்பட்டன. விலை 25 இலட்சம் வெள்ளி! முன்பணமாக 5 இலட்சமும், மீதிக்கு ஈடாக நிலப்பட்டாக்களும் கைமாறின. 1993 ஜூலையில், சடங்கு என்ற பெயரில் அவரைத் தரையில் படுக்கவைத்துக் கண்களை மூடச் சொன்னார்கள். வானிலிருந்து பணம் விழும் என்று அவர் காத்திருந்தார். விழுந்தது கோடரி. வெட்டியவர் உதவியாளர் ஜுராய்மி ஹுசேன். மோனாவோ கோலாலம்பூரில் பணத்தைத் தண்ணீராய்ச் செலவழித்தார்.

தெமர்லோ உயர்நீதிமன்றத்தில் எழுவர் கொண்ட ஜூரியின் முன் விசாரணை நடந்தது. 1995இல் மோனா, அவர் கணவர் முகமட் அஃபாண்டி, ஜுராய்மி ஆகிய மூவருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1999இல் கூட்டரசு நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. 2001 நவம்பர் 2ஆம் நாள் காஜாங் சிறைச்சாலையில் மூவரும் தூக்கிலிடப்பட்டனர். 'நான் சாகவே மாட்டேன்' என்று மோனா கூறியதாகச் சொல்லப்படும் சொல்லே எஞ்சி நின்று, பேய்க்கதையாய் வளர்ந்தது.

இதில் மந்திரம் எங்கே இருக்கிறது? பேராசையும், பொய்யும், ஒரு கோடரியும்தான் இருக்கின்றன. மோனாவிடம் அதீத சக்தி உண்டு என்ற நம்பிக்கையே மஸ்லானைக் கொலைக்களம் வரை நடத்திச் சென்றது. அதே நம்பிக்கையை நாம் பேய்க்கதையாக்கிப் பிள்ளைகளுக்கு ஊட்டினால், அவர் செய்த வாணிபத்தை நாம் தொடர்கிறோம் என்பதே என் கருத்து. மேலும், தூக்கு மேடை ஏறியவர்கள் மூவர். கோடரி ஏந்தியது ஓர் ஆண். ஆயினும் கதையில் நிற்பது பெண் மட்டுமே!

நீலிக்கும் இதே கதிதான். முற்பிறப்பில் அவள் கணவனை நம்பி வந்த பெண். அவனே அவளைத் திருவாலங்காட்டுக் காட்டில் கொன்றான். மறுபிறப்பில் அவள் பழிவாங்க வந்து, பழையனூர் அவையில் அழுது நியாயம் கேட்டதாகக் கதை செல்கிறது. அவளை நம்பி, வணிகனாய்ப் பிறந்திருந்த அவனுடைய உயிருக்குத் தாங்கள் பிணை என்ற வேளாளர் எழுபதின்மரும், அவன் மாண்டபின் சொன்ன சொல் தவறாமல் தீயில் இறங்கினர். நம் மொழியோ அந்த முதற்கொலையை மறந்துவிட்டு, அவள் கண்ணீரை மட்டும் மரபுத்தொடராக்கி வைத்திருக்கிறது. இருவரையும் ஒரே தராசில் வைக்கிறேன் என எண்ண வேண்டா. நீலி கதைமாந்தர், மோனா நீதிமன்றம் கண்ட குற்றவாளி. கதை எதை மறைக்கிறது என்று கேட்கும் பழக்கம் மாணவர்க்கு வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது.

பள்ளியில் கொலைக்கதை எதற்கு என்று பெற்றோர் சிலர் கேட்கக்கூடும். பத்து வயதுப் பிள்ளைக்கு அது ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. அதுவும் பிழையாகத் தெரிந்திருக்கிறது. கொடூர விவரங்களைத் தவிர்த்து, ஏமாற்று எவ்வாறு நடந்தது என்பதை மட்டும் சொன்னால் போதும். பிள்ளை தேர்வில் தேற வேண்டுமென்று தாயத்துக்குப் பணம் கட்டிவிட்டு, அகராதி வாங்க யோசிக்கும் பெற்றோரை நானும் அறிவேன். அவர்களுக்கும் இப்பாடம் உண்டு.

மறுநாள் கரும்பலகையில் மஸ்லான் இட்ரிஸ் என்ற பெயரை எழுதி, நடந்ததை வயதுக்கேற்பச் சொன்னேன். முடிவில் அதே பின்வரிசை மாணவன் எழுந்து, "அப்படியானால் மலைச்சாலையில் யாரும் இல்லையா, ஐயா?" என்றான். "இல்லை, தம்பி. அங்கே டுரியான் மரங்கள்தாம் இருக்கின்றன" என்றேன்.

உங்கள் பிள்ளை இக்கதையுடன் வீட்டுக்கு வந்தால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? சிந்திப்போமாக!

அன்புடன்,
பாலிக் புலாவிலிருந்து ஒரு தமிழாசிரியன்